இடம் தீர்ந்த வேளையில் மென்பொருள்

மழைமானியை நாள்தோறும் பார்வையிட்டுக் குறிப்பெழுதும் ஊழியர் ஒவ்வொருவரும் ஓர் உண்மையை அறிவார். புனலின் வழியே இறங்கும் நீரை ஏந்தும் புட்டிக்கு ஓர் எல்லை உண்டு. புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றும், புட்டியின் கொள்ளளவு 4 லிட்டர் என்றும் கொண்டால், அப்புட்டி 200 மில்லிமீட்டர் மழையை ஏற்கும். அதற்கு மேல் ஏற்காது. ஓரிரவில் 260 மில்லிமீட்டர் பெய்து, மிகுந்த நீர் வழிந்து மண்ணிற் போய்விட்டால், காலையில் புட்டியை அளக்கும் ஊழியருக்கு 200 என்னும் எண்ணே கிடைக்கும். அவ்வெண் பார்வைக்கு ஒழுங்கானது, பதிவேட்டில் எழுதத் தக்கது, ஆயினும் பொய்யானது. புட்டி வழிந்ததைக் கண்டு அதனையும் பதிவேட்டிற் குறிப்பவரே தம் கடமையைச் செய்தவர் ஆவார். குறிக்காமல் விடுபவர், வெற்றிடத்தைக் காட்டிலும் கேடான ஒன்றைப் பதிவேட்டில் விட்டுச் செல்கிறார்.

கணிப்பொறிக்கும் கைபேசிக்கும் இந்நிலை உண்டு. அவற்றின் சேமிப்பிடமும் ஒரு புட்டியே. வட்டு என்று வழங்கினாலும், கைபேசிகளில் சுழலும் வட்டு எதுவும் இல்லை. பிளாஷ் நினைவகம் என்னும் சில்லுகளே அவ்வேலையைச் செய்கின்றன. எப்பெயரிட்டு அழைப்பினும் அதற்கு ஓர் அளவு உண்டு. நாளடைவில் அது நிரம்பும். நிரம்பிய அந்த வேளையில், எழுத வந்த மென்பொருள் எவ்வாறு நடந்துகொள்கிறது? நேர்மையான ஊழியரைப் போல ‘வழிந்துவிட்டது’ என்று சொல்கிறதா, அல்லது ஒன்றும் நேராதது போல ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டுகிறதா? பொதுப்பணிக்கென வாங்கப்படும் மென்பொருள் ஒவ்வொன்றிடமும் இக்கேள்வி கேட்கப்படவேண்டும்; விடை வாய்மொழியாக அன்றிச் சோதனையால் பெறப்படவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

யாருக்கு இதனால் என்ன?

இது பொறியாளர்களின் தனி விவகாரம் என்று கருதிவிடலாகாது. முன்பு தாளிலும் மையிலும் நடந்த வேலைகள் பல இப்போது கைபேசித் திரையில் நடைபெறுகின்றன. பயிர், கால்நடை, நிலத்தடி நீர், தடுப்பூசி, பள்ளி வருகை ஆகிய இவையெல்லாம் களத்தில் நிற்பவரின் விரல் நுனியாற் பதிவு செய்யப்படுகின்றன. இந்தியாவின் அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளியாயிற்று. பனிமிகுந்த பகுதிகள் நீங்கலாக ஏனைய இடங்களுக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று அது வரையறுத்தது. இக்கணக்கெடுப்பில் விவரங்களை மின்னணு முறையில், கைபேசிச் செயலியின் வழியாகத் திரட்டுவதென்று அரசாங்கம் அறிவித்தது. கணக்கெடுப்பாளர்களாக வீடுதோறும் செல்வோரிற் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களே என்பது யாவரும் அறிந்தது.

தாளில் எழுதுபவருக்கு ஏடு தீர்ந்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியும். அடுத்த ஏட்டைக் கேட்டு வாங்குவார். எழுதிய ஏட்டுக்கு யாதொரு சேதமும் இல்லை. சேமிப்பிடம் தீர்வது அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதன்று. இருபது வீடுகள் ஏறி இறங்கிப் பதிந்த விவரங்களில் கடைசி மூன்று வீடுகள் பதியவே இல்லை என்பதை, மாலையில் தலைமையிடத்தில் எவரோ கண்டுபிடிக்க நேரலாம். கண்டுபிடிக்காமலே போகவும் நேரலாம். அம்மூன்று வீட்டாரும் கணக்கில் விடுபடுவர். பழியோ பெரும்பாலும் பதிவு செய்தவர் மீதே விழும்; ‘பதிந்தேன்’ என்று அவர் சொல்வதற்குச் சான்று இராது.

எழுதும் வேலை எவ்வாறு பிழைபடுகிறது

மென்பொருள் தானே நேராக வட்டில் எழுதுவதில்லை. இயங்குதளத்திடம் ‘இத்தனை பைட்டுகளை எழுதுக’ என்று அது கேட்கிறது. இயங்குதளம் ஒரு விடை தருகிறது. இடம் இல்லையாயின் அவ்விடை ஒரு பிழை எண்ணாக வரும். லினக்ஸ் இயங்குதளத்தில் அது 28. ‘சாதனத்தில் இடம் எஞ்சவில்லை’ என்பது அதன் பொருள். மென்பொருள் எழுதியவர் இவ்விடையைப் படித்துப் பார்க்கும்படி தம் நிரலை அமைத்திருந்தால் நல்லது. படிக்காமல் விட்டிருந்தால், அஞ்சலகம் திருப்பி அனுப்பிய கடிதத்தைப் பிரித்தும் பாராமல் ‘கடிதம் போய்ச் சேர்ந்தது’ என்று குறிப்பெழுதிய எழுத்தரின் செயலை அது ஒக்கும்.

விடையைப் படிக்கும் நிரல்களும் பல வகையில் வழுக்குகின்றன. அவற்றுள் சில கவனிக்கத் தக்கவை.

முதலாவது, பாதி எழுத்து. ஆயிரம் பைட்டு எழுதக் கேட்டபோது அறுநூறுக்கு மட்டுமே இடம் இருந்தால், இயங்குதளம் அறுநூற்றை எழுதிவிட்டு, ‘அறுநூறு எழுதினேன்’ என்று சொல்லும். அது பிழை எண் அன்று. வெற்றியைப் போன்றே தோன்றும் விடை. எண்ணை ஒப்பிட்டுப் பாராத நிரல் ஏமாந்துவிடும். இந்திய மொழிகளுக்கு இதில் ஒரு தனித் துன்பமும் உண்டு. வழக்கிலுள்ள யூ.டி.எஃப்.-8 குறியீட்டு முறையில் தமிழ், தேவநாகரி முதலிய எழுத்துகளின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு கொள்ளும். ‘கு’ என்னும் எழுத்தில் மெய்யோடு கூடிய அகரத்துக்கு ஒரு குறியீடு, உகரக் குறிக்கு மற்றொன்று. ஆக 6 பைட்டு. இடம் தீரும் புள்ளி ஓர் எழுத்தின் நடுவிலே விழுமாயின், குடும்பத் தலைவரின் பெயர் பாதியில் நிற்பதுடன், அதன் கடைசி எழுத்து படிக்கவியலாத சிதைவாகவும் ஆகிவிடும். அச்சிதைவைக் கண்டு கோப்பு முழுவதையுமே படிக்க மறுக்கும் மென்பொருள்களும் உண்டு.

இரண்டாவது, காலந்தாழ்ந்த விடை. எழுதக் கேட்ட பைட்டுகள் முதலில் தற்காலிக நினைவகத்தில் தங்கிப் பின்னரே சேமிப்பிடத்துக்குச் செல்கின்றன. சில கோப்பு முறைகளில், சிறப்பாக வலைப்பின்னல் வழியே வேறொரு கணிப்பொறியில் எழுதும்போது, இடம் இல்லை என்னும் செய்தி எழுதுகையில் வாராது. கோப்பை மூடுகையில்தான் வரும். மூடும்போது கிடைக்கும் விடையைப் படிக்கும் வழக்கம் நிரலாளர் பலரிடம் இல்லை.

மூன்றாவது, எண்ணிக்கைத் தட்டுப்பாடு. பல கோப்பு முறைகளில் கோப்புகளுக்கான அட்டவணை இடங்கள் தொடக்கத்திலேயே வரையறுக்கப்படுகின்றன. சின்னஞ்சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் சேர்ந்தால், பைட்டுகளுக்கு இடம் தாராளமாக இருக்கும்போதே அட்டவணை நிரம்பிவிடும். அப்போதும் அதே 28 என்னும் பிழையே வரும். ‘இன்னும் பாதி இடம் காலியாக உள்ளதே’ என்று பொறுப்பாளர் திகைத்து நிற்பார்.

நான்காவது, உள்ளதையும் இழப்பது. இதுவே யாவற்றினும் கொடியது. பழைய கோப்பைத் திறந்து, அதிலுள்ளதை அழித்து, அதன் மேலேயே புதியதை எழுதும் நிரல்கள் பல. அழித்தாயிற்று, எழுத இடம் இல்லை, பழையதும் போயிற்று, புதியதும் வரவில்லை. புதியதை முதலில் வேறொரு கோப்பில் முழுதும் எழுதி, அது பதிந்தமையை உறுதி செய்துகொண்டு, அதன் பின்னரே பெயர் மாற்றிப் பழையதன் இடத்தில் வைப்பதே முறை. இடையில் இடம் தீர்ந்தாலும் பழையது பத்திரமாக இருக்கும்.

ஐந்தாவது, முறையீட்டுக்கும் இடம் இல்லாமை. பிழை நேர்ந்ததை நாட்குறிப்புக் கோப்பில் எழுதிவைப்பது மென்பொருளின் வழக்கம். அந்நாட்குறிப்பும் அதே வட்டில் இருந்தால் அதுவும் எழுதப்படாது. ஆகவே பின்னர் ஆராய வருபவருக்குத் தடயம் எதுவும் கிட்டாது.

செவ்வாயில் நேர்ந்தது

மேற்கூறியவை கற்பனைக் கவலைகள் அல்ல என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். முதலாவது, பூமிக்கு வெளியே நிகழ்ந்தது.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி, 2003 ஜூனில் ஏவப்பட்டு, ஏறத்தாழ ஏழு மாதப் பயணத்துக்குப் பின் 2004 ஜனவரி 4 அன்று செவ்வாயின் குசேவ் பள்ளத்தில் இறங்கிற்று. முதல் நாட்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஜனவரி 21 அன்று, அதாவது இறங்கிய பதினெட்டாம் செவ்வாய் நாளில், அதன் பேச்சு தடைப்பட்டது. அதன் பின் விட்டுவிட்டு வந்த குறிகளைக் கொண்டு, ஊர்தியின் கணிப்பொறி மீண்டும் மீண்டும் நின்று தொடங்குகிறது என்பதைப் பொறியாளர்கள் அறிந்தனர். அறுபது முறைக்கு மேல் அது அவ்வாறு தொடங்கிற்று. இரவில் உறங்கவேண்டிய ஊர்தி உறங்காமல் மின்கலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது.

காரணம் யாது? ஊர்தியில் 256 மெகாபைட்டு பிளாஷ் நினைவகமும், 128 மெகாபைட்டு செயல் நினைவகமும் இருந்தன. பிளாஷில் உள்ள கோப்புகளின் பட்டியல் செயல் நினைவகத்திலும் வைக்கப்பட்டது. பயணக் காலத்தில் சேர்ந்த கோப்புகளோடு, தரையிறங்கிய பின் எடுத்தவையும் சேரச் சேர, அப்பட்டியல் பெருத்தது. கோப்புகளை அழித்தாலும் பட்டியல் சுருங்காத வகையில் அக்கோப்பு முறை அமைந்திருந்தது. ஆகவே நிரம்பியது பெட்டகம் அன்று; பெட்டகத்தில் உள்ளவற்றின் பட்டியலை வைக்கும் இடமே நிரம்பிற்று. பட்டியலுக்கு இடம் கிடைக்காதபோது மென்பொருள் செய்தது ஒன்றே: நின்று, புதிதாகத் தொடங்கியது. தொடங்கியவுடன் அதே பட்டியலைப் படிக்க முயன்றது. அதே இடமின்மையில் மீண்டும் நின்றது. நோய்க்கு மருந்தென எண்ணியதே நோயைத் தொடரச் செய்தது.

பிளாஷைத் தொடாமலே தொடங்குக என்று கட்டளையிடும் வழி ஒன்று நல்லவேளையாக அமைக்கப்பட்டிருந்தது. அதனைப் பயன்படுத்தி ஊர்தியை அமைதிப்படுத்தி, வேண்டாத கோப்புகளை நீக்கிப் பின்னர்ப் பிப்ரவரியில் பிளாஷ் நினைவகத்தையே புதிதாகச் சீரமைத்தனர். 90 செவ்வாய் நாட்களுக்கென அனுப்பப்பட்ட அவ்வூர்தி, 2010 மார்ச்சு வரை செய்தி அனுப்பிற்று. இந்நற்பயனுக்குக் காரணம், இடம் தீர்ந்த நிலையிலும் உள்ளே நுழைய ஒரு கதவு விடப்பட்டிருந்தமையே. அக்கதவு இல்லையேல், அத்துணைப் பெரும் முயற்சியும் ஒரு கோப்புப் பட்டியலின் கனத்தால் பதினெட்டாம் நாளிலேயே முடிந்துபோயிருக்கக் கூடும்.

ஜப்பானில் நேர்ந்தது

இரண்டாவது நிகழ்ச்சி தரையிலேயே, ஒரு பெரும் தொழிற் சாலைக் கூட்டத்தில் நிகழ்ந்தது. 2023 ஆகஸ்டு 29 அன்று டொயோட்டா நிறுவனத்தின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் 14-இலும் இருந்த 28 உற்பத்தி வரிசைகள் நின்றன. உதிரிப் பாகங்களுக்கு ஆணை அனுப்பும் கணிப்பொறிகள் இயங்காமையே காரணம். வெளியார் எவரேனும் ஊடுருவினரோ என்னும் ஐயம் எழுந்தது. அவ்வாறன்று என்று நிறுவனம் செப்டம்பர் 6 அன்று விளக்கம் வெளியிட்டது.

அவ்விளக்கத்தின்படி, ஆகஸ்டு 27 அன்று வழக்கமான பராமரிப்பு வேலை நடைபெற்றது. தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த பழைய விவரங்களை நீக்கி ஒழுங்குபடுத்தும் அவ்வேலையின்போது வட்டில் இடம் போதாமற்போய்ப் பிழை நேர்ந்தது, அமைப்பு நின்றது. மாற்றாக வைக்கப்பட்டிருந்த கணிப்பொறிகளும் அதே அமைப்பில் இயங்கியமையால் அங்கும் அதே பிழை நேர்ந்தது. மாற்றுக்கு மாறவும் இயலவில்லை. அதிகக் கொள்ளளவுள்ள கணிப்பொறிக்கு விவரங்களை மாற்றிய பின்னரே வேலை தொடங்கிற்று. ஆகஸ்டு 30 அன்று தொழிற்சாலைகள் மீண்டும் இயங்கின.

இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. இடத்தைக் காலி செய்வதற்கும் இடம் வேண்டும் என்பது ஒன்று. தரவுத்தளங்கள் ஒன்றை நீக்குமுன், நீக்கப்போவதைக் குறித்து எழுதிக்கொள்கின்றன. இடையில் தடைப்பட்டால் பழைய நிலைக்கு மீள்வதற்கு அக்குறிப்பு தேவை. வீட்டை ஒழுங்குபடுத்த முற்படுபவர் பொருள்களை இறக்கி வைக்கத் திண்ணை தேடுவதைப் போன்றது இது. மாற்று அமைப்பு முதல் அமைப்பின் பிரதியாகவே இருந்தால், முதலதன் குறையும் அதிற் பிரதியாகும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சோதனைக் கூடத்தில், முன்னதாகவே கண்டறிந்துகொள்ள வழி உண்டு.

சோதிக்கும் முறைகள்

வட்டு நிரம்பும் வரை காத்திருந்து சோதிக்கவேண்டும் என்பதில்லை. லினக்ஸில் ‘டெவ் ஃபுல்’ என்னும் போலிச் சாதனம் ஒன்று உண்டு. அதில் எதனை எழுத முயன்றாலும் 28 என்னும் பிழையே விடையாக வரும். ஒரு மென்பொருளின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு, அது பிழையை உணர்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஆயின் அச்சாதனம் முதல் பைட்டையே மறுத்துவிடும். பாதியில் இடம் தீரும் நிலையை அது காட்டாது.

அதற்கு வேறு வழி உண்டு. 10 மெகாபைட்டு அளவுள்ள சாதாரணக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதனுள்ளேயே ஒரு சிறு கோப்பு முறையை அமைத்து, அதனை ஒரு வட்டைப் போல இணைத்துக்கொள்ளலாம். மென்பொருளை அச்சிறு வட்டில் இயக்கினால் சில நொடிகளில் இடம் தீரும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஈ.எக்ஸ்.டி.4 முதலிய கோப்பு முறைகள், வழக்கமாக இடத்தில் நூற்றுக்கு 5 பங்கைத் தலைமைப் பயனருக்கென ஒதுக்கி வைக்கின்றன. சோதிப்பவர் தலைமைப் பயனராக இருந்தால், சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்த பின்னும் அவருக்குத் தீராது. ஆகவே மென்பொருள் எப்பயனரின் பெயரால் இயங்கப்போகிறதோ அப்பயனரின் பெயராலேயே சோதிக்கவேண்டும்.

யாவற்றினும் முழுமையான முறை, படிப்படியாகத் தடுக்கும் முறையாகும். கைபேசிகளில் மிகப் பரவலாக உள்ள எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளின் ஆக்குநர்கள் இதனைக் கையாளுகின்றனர். சேமிப்பிடத்துக்கும் மென்பொருளுக்கும் இடையே ஒரு போலி அடுக்கை வைத்து, ஒரு வேலையில் முதல் எழுத்துச் செயலை மட்டும் தவறச் செய்கின்றனர், விளைவைப் பார்க்கின்றனர். பின்பு அதே வேலையில் இரண்டாம் செயலை, மூன்றாம் செயலை என்று, தவறே நேராமல் வேலை முடியும் வரை தொடர்கின்றனர். ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் சிதையாமல் உள்ளதா என்று சரிபார்க்கின்றனர். 2023-இல் வெளியான 3.42.0 என்னும் பதிப்பில், அம்மென்பொருளின் நிரல் ஏறத்தாழ 1,55,800 வரிகள். அதனைச் சோதிக்கும் நிரலோ அதைப்போல் ஏறத்தாழ 590 மடங்கு. வேலை செய்யும்போது நன்றாகச் செய்வதைக் காட்டிலும், வேலை தடைப்படும்போது கெடாதிருப்பதைச் சோதிப்பதற்கே அதிக உழைப்பு வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். சேமிப்பிடத்தின் விலை குறைந்துவிட்டது. பெரிய வட்டாக வாங்கிவிட்டால் போதுமே என்பர். செவ்வாய்க்குச் செல்லும் ஊர்தியில் விலை ஒரு பொருட்டன்று. ஆயினும் இடம் தீர்ந்தது. பெரும் தொழில் நிறுவனத்துக்கு வட்டு வாங்கப் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் இடம் தீர்ந்தது. பெரிய புட்டி வழியும் நாளைத் தள்ளிப்போடுமே ஒழிய நீக்கிவிடாது.

இடம் குறையும்போதே எச்சரிக்கும் கண்காணிப்பு இருக்கிறதே என்பர் வேறு சிலர். கண்காணிப்பு தேவைதான், அதனை மறுப்பார் இல்லை. ஆனால் அது காவற்காரரைப் போன்றது. காவற்காரர் இருப்பதனால் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்பதில்லை. மேலும், எழுதுமுன் இடம் இருந்தது என்பது எழுதும்போதும் இருக்கும் என்பதற்கு உறுதி ஆகாது; இடைப்பட்ட நொடியில் வேறொரு மென்பொருள் அதனை எடுத்துக்கொள்ளலாம். கைபேசியில் அவ்வாறே நிகழ்கிறது. பதிவுச் செயலி திறந்திருக்கும்போதே, குடும்பத்தார் அனுப்பிய திருமண ஒளிப்படங்கள் வந்து இடத்தை நிரப்பிவிடுகின்றன.

இத்தகைய பிழைகள் அரிதானவை. அவற்றுக்காகச் செலவிடுவது வீண் என்பது மூன்றாம் மறுப்பு. இதற்கு ஆராய்ச்சியே விடை கூறுகிறது. டொரண்டோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பல கணிப்பொறிகளில் பகிர்ந்து இயங்கும் ஐந்து மென்பொருள் அமைப்புகளில் நேர்ந்த 198 பழுதுகளை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். பெருங்கேடாக முடிந்த பழுதுகளில் நூற்றுக்கு 92 பங்கு, மென்பொருளுக்குத் தெளிவாக அறிவிக்கப்பட்ட சாதாரணப் பிழைகளை அது தவறாகக் கையாண்டதனால் விளைந்தவை. நூற்றுக்கு 58 பங்கில், பிழையைக் கையாளும் நிரல் பகுதியை எளிய முறையில் சோதித்திருந்தாலே குறையைக் கண்டிருக்கலாம். இடம் தீர்வது மட்டுமே அவர்கள் ஆராய்ந்த பொருள் அன்று. எனினும் அம்முடிவு இதற்கும் பொருந்தும். பெருங்கேட்டை விளைவிப்பது பெரும்பாலும் புதிரான பிழை அன்று. முன்னறிவித்து வந்த பிழையைக் கேளாச் செவியே.

கோரவேண்டியவை

இடம் தீர்ந்தால் மென்பொருள் நின்றுவிடவே கூடாது என்று கோருவது நியாயம் ஆகாது. போஸ்ட்கிரஸ் என்னும் பெயர்பெற்ற தரவுத்தள மென்பொருள், தன் மாற்றக் குறிப்பேட்டை எழுத இடம் இல்லாதபோது, இயக்கத்தையே நிறுத்திக்கொள்ள நேரலாம் என்று அதன் கையேடே கூறுகிறது. பொய்யாகத் தொடர்வதைவிட மெய்யாக நிற்பது மேல். ஆகவே வாங்கும் துறைகள் கோரவேண்டியவை சிலவே, அவை தெளிவானவை.

பதியாத ஒன்றைப் பதிந்ததாக மென்பொருள் சொல்லலாகாது. புதியதை எழுத இயலாதபோது பழையது கெடலாகாது. சேமிப்பிடம் நிரம்பிய நிலையிலேயே அணைத்து மீண்டும் தொடங்கினாலும் அது தொடங்கவேண்டும். உள்ளவற்றைப் படிக்கவும், தலைமையிடத்துக்கு அனுப்பவும், வேண்டாதவற்றை நீக்கவும் அப்போது வழி இருக்கவேண்டும். இடம் கிடைத்தவுடன், விடுபட்டது எது என்பதைக் காட்டித் தொடரவேண்டும். மாற்று அமைப்பு உண்டாயின், அதுவும் இதே சோதனைக்கு உட்படவேண்டும். பயனருக்குக் காட்டும் அறிவிப்பு அவர் மொழியில், ‘இடம் இல்லை, இப்பதிவு சேமிக்கப்படவில்லை’ என்று நேராக இருக்கவேண்டும், வெறும் பிழை எண்ணைக் காட்டுவது அறிவிப்பு ஆகாது.

இவற்றை ஒப்பந்தத்தில் எழுதுவதோடு நில்லாமல், மென்பொருளை ஏற்றுக்கொள்ளும் நாளில் அதிகாரியின் முன்னிலையில் செய்து காட்டும்படி கேட்கவேண்டும். பாலத்தைத் திறக்குமுன் பாரமேற்றிப் பார்க்கும் வழக்கம் பொறியியலில் உண்டு. பல இலட்சம் குடும்பங்களின் விவரங்களைச் சுமக்கும் மென்பொருளுக்கு அச்சிறு மரியாதை கூடவா மறுக்கப்படவேண்டும்?

களத்தில் செய்யத் தக்க சோதனை

மேலிடத்தின் ஆணைக்காகக் காத்திராமல், களப்பணியாளரும் ஆசிரியரும் தாமே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. உண்மையான விவரங்கள் எவையும் இல்லாத, பயிற்சிக்கென வைத்துள்ள கைபேசியிலேயே இதனைச் செய்யவேண்டும். பணியில் உள்ள கைபேசியில் செய்தலாகாது.

முதலில் செயலியின் பயிற்சிப் பகுதியில் இரண்டு பதிவுகளைச் செய்து, அவற்றைத் தாளிலும் எழுதிக்கொள்க. பின்னர், இடம் குறைந்தது என்று கைபேசி எச்சரித்த பின்னும், இனி ஒன்றும் ஏற்காது என்னும் நிலை வரும் வரை ஒளிக்காட்சிகளால் நிரப்புக. அந்நிலையில் மூன்றாம் பதிவை ஒளிப்படத்துடன் செய்து, செயலி என்ன சொல்கிறது என்பதைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்க. கைபேசியை அணைத்து மீண்டும் தொடங்கிச் செயலியைத் திறந்து, முதல் இரண்டு பதிவுகளும் உள்ளனவா, மூன்றாவது என்ன ஆயிற்று என்று தாளோடு ஒப்பிடுக. பிறகு ஓர் ஒளிக்காட்சியை நீக்கி, மூன்றாம் பதிவை மீண்டும் முயல்க. கைபேசியின் வகை, செயலியின் பதிப்பு எண், நாள், எஞ்சிய இடம் ஆகிய இவற்றோடு கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினால், அப்பக்கம் எந்த நிபுணரின் அறிக்கைக்கும் குறைந்ததாகாது. ஆசிரியர்கள் இதனை உயர்வகுப்பு மாணவரின் முன்னிலையிலேயே செய்யலாம். ஒரு கருவியின் எல்லையை அறிந்த பின்பே அதன் அளவீட்டை நம்பவேண்டும் என்னும் விஞ்ஞானப் பாடத்துக்கு இதைவிட அணித்தான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

புட்டி நிரம்பாது என்று நம்பி எவரும் மழையை அளப்பதில்லை. பெருமழை வரும் என்பதை ஒப்புக்கொண்டு, வழிந்தால் என்ன எழுதவேண்டும் என்பதையும் முன்கூட்டியே விதித்துவைப்பதே பார்வையாளர்க்குரிய ஒழுங்கு. மென்பொருளுக்கும் அவ்வொழுங்கு விதிக்கப்படவேண்டும். களத்தில் வெயிலில் நின்று ஒருவர் பதிந்த விவரம், அவர் விரலை எடுத்த பின்னும் அங்கேயே இருக்கிறது என்னும் உறுதியைத் தருவது, அம்மென்பொருளை வாங்கி அவர் கையிற் கொடுத்தவரின் கடமையாகும்.